மூன்று புள்ளிகள்

செவ்வாய்க்கிழமை நாலரை மணிக்கு
கோல்பியின் பேருந்து போன பிறகு
நான் மறுபடி மாணவியாகிறேன்.
கிராண்ட் ஃபோர்க்ஸுக்கு நாற்பத்தெட்டு மைல்.
சர்க்கரைக் கிழங்கு லாரிகள்
சேற்றை வாரிக் கண்ணாடியில் அறையும்.
முழங்காலால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரொட்டி தின்னும் வித்தை
இந்த வயதில் கற்றது; அதற்கு மதிப்பெண் கிடையாது.

உரிமம் இருக்கிறது. பதினாறு வருடமாக இருக்கிறது,
மேசை இழுப்பறையில்
ஸ்டேப்ளர் ஊசிகளுக்கும் ஒரு பால்பல்லுக்கும் அடியில்.
(யாருடைய பல்லென்று மறந்துவிட்டது. எறிய மனமில்லை.)
பிறகெதற்கு முதுகலை என்று கேட்டான் என் தம்பி டேல்.
சம்பள அட்டவணையில் ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்வேன் என்றேன்.
உண்மைதான். முழு உண்மை அல்ல.
ஆறு வருடம் என் அறையில் இருந்த ஒருவன்
ஒரு சொல்லும் சேராமல் போனான்.
அவனுக்குச் செய்ததையெல்லாம் அன்பென்று நினைத்திருந்தேன்.
அன்பா, வெறும் பழக்கமா
என்று யாராவது அளந்து சொன்னால் தேவலை.

பேராசிரியை ஹெய்ட் பலகையில் ஒரு நெடுங்கோடு கிழித்தார்.
"இந்தப் பக்கம் உதவி இல்லை. அந்தப் பக்கம் உதவி.
மாற்றம் உதவியால்தான் வந்ததென்று எப்படித் தெரியும்?
எடுத்துவிட்டுப் பாருங்கள்."
சிறைப்பள்ளியில் பாடம் நடத்தும் லின்டல்
பேனா மூடியைக் கடிப்பதை நிறுத்தினான்.
"எடுத்துவிட்டா?"
"ஐந்து நாள். ஐந்து புள்ளி. பிறகு திருப்பிக் கொடுங்கள்."

கோல்பிக்கு ஒன்பது வயது. பேச்சு இல்லை.
செப்டம்பரில், நாளைக்குப் பதினொரு முறை
தன் மணிக்கட்டைத் தானே கடித்தான்.
ஓர் அட்டை கொடுத்தேன்: தம்ளரில் தண்ணீர், மஞ்சள் விளிம்பு.
பலகையிலிருந்து பிய்த்து என் உள்ளங்கையில் வைத்தால்
தண்ணீர் வரும்.
பதினொன்று ஏழாயிற்று. ஏழு, இரண்டு.
கோடு படியிறங்கி வந்தது;
நான் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் இரவெல்லாம் பார்த்தேன்.

அவன் அம்மா ரைலின் நின்றபடியே கையெழுத்திட்டாள்,
இரவுப்பணிச் சீருடையில்.
"ஐந்து நாள்தானே."

தண்ணீரைக் குறைக்கவில்லை.
வேளைக்கு வேளை, கேளாமலே கொடுத்தேன்.
நான் எடுத்தது கேட்பதை மட்டும்.

திங்கள். அட்டை ஒட்டியிருந்த சொரசொரப்பை
விரலால் தடவிக்கொண்டிருந்தான். நான்கு.
செவ்வாய், ஒன்பது. அன்று மாலை வகுப்பில்
நெறிமுறை பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை.
புதன், பதின்மூன்று. பதின்மூன்றாவதற்குப் பிறகு
எழுந்து வந்தான்.
மூடியிருந்த என் கையை விரல் விரலாகப் பிரித்தான்.
இல்லாத அட்டையை அதில் வைத்தான். அழுத்தினான்.
காசு கொடுத்துவிட்டுச் சாமானுக்குக் காத்திருப்பவன்போல்
முகத்தைப் பார்த்தான்.

பாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

வியாழன் காலை பேருந்து வருமுன்
அட்டை பலகையில் இருந்தது.

கட்டுரை திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மை:
"மூன்று புள்ளி போதாது. இது எதையும் நிரூபிக்காது."
சரிதான். எனக்கே தெரியும்.
அதற்குக் கீழே பென்சிலில், வேறொரு வேகத்தில்:
"அந்த வெறுங்கை. அதை என்னவென்று எண்ணினீர்கள்?"

திரும்பும்போது பனி பிடித்துக்கொண்டது.
லின்டலின் பின்விளக்கு இருபது மைல் முன்னால் போய்
தெற்கே திரும்பியது.
ஒற்றைக் கையால் ஓட்டினேன்.
மற்றது மடியில் மல்லாந்து கிடந்தது,
வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாத ஆள்போல.

ஆய்வுத் தலைப்பு வெள்ளிக்குள் வேண்டுமாம்.
ரொட்டி பாதி மிச்சமிருந்தது.